இரண்டிரண்டு பேராகப் போன நாள்

மருத்துவச்சி சந்திரமதி மிஸ்ஸியின் தமிழ் முழுவதும் பிரசவக் கட்டிலின் பக்கத்தில் கற்றது. "மூச்சு இழு", "பல்லைக் கடி", "தள்ளு", "இன்னும் கொஞ்சம்", "பொண்ணு", "பையன்". அதற்கு மேல் தேவைப்பட்டால் அருகில் நிற்பவளை மலாயில் கேட்பார். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் தமிழ் வம்சத்தார் வாழும் ஊர்ப்பகுதியான, காஜா பெராங்கின் சிட்டிக் கம்பத்தில் பிறந்தவர் அவர். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாவும் சாரோங்கும், வாயில் மலாய். மாரியம்மனிடம்கூட மலாயில்தான் வேண்டிக்கொள்வார். அம்மன் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

போன மாதம் மிஸ்ஸி போய்விட்டார். "முன்னாள் நகராண்மைக் கழக உறுப்பினர்" என்று பத்திரிகையில் போட்டு, கண்ணாடி அணிந்த ஒரு முதிய படத்தையும் போட்டிருந்தார்கள். அவர் எப்படி உறுப்பினர் ஆனார் என்பதைப் போடவில்லை. என் கணவர் முன்பே போய்விட்டார், பக்கத்து வீட்டுச் சிவகாமியும் இல்லை. எனக்குத் தெரிந்ததை நான் எழுதி வைக்கிறேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்ததற்கு அடுத்த வருடம் அது. நாங்கள் நகராண்மைக் கழகத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்தோம். என் கணவருக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை. அவர் இங்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிள்ளைகளும் இங்கேயே பிறந்தவர்கள். நான் மட்டும் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து, கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறி வந்தவள். வெளியில் பிறந்தவர்கள் பிரஜாவுரிமை வாங்க வேண்டுமானால் அதிகாரி முன்னால் உட்கார்ந்து மலாயில் நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்தது. சொல்லாவிட்டால் என் வீட்டில் எல்லோரும் இந்த நாட்டவர், நான் மட்டும் வெளிநாட்டுக்காரி. "கப்பல் ஏத்திருவாங்களாம்லா" என்று லைனில் ஒருத்தி சொல்வாள். இன்னொருத்தி அதற்குக் கப்பலின் பெயரும் சேர்த்துச் சொல்வாள்.

ஆண்களுக்கு வகுப்பு நடத்தியவர் தொழிலாளர் சங்கச் செயலாளர் கணேசமூர்த்தி. நல்ல ஆங்கிலம் தெரிந்தவர். பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மிஸ்ஸி போய்க் கேட்டபோது அவர் சிரித்தார்.

"பொம்பளைங்களுக்கு எதுக்கு மிஸ்ஸி? புருஷனுக்கு இருந்தாப் பத்தாதா? இதுங்களுக்கு வீட்டு நம்பரே சொல்லத் தெரியாது."

மறுநாளே மிஸ்ஸி, சிட்டிக் கம்பத்துக் கோயிலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைக் கேட்டு வாங்கிவிட்டார். சாயங்காலம் கிளினிக் முடிந்ததும் சைக்கிளில் வருவார். முதல் நாள் நாங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். மிஸ்ஸி எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"சிவகாமி, நீ தெங்கேரா மார்க்கெட்டில் மீன்காரன்கிட்ட என்ன பாஷை பேசற?"

"அது சும்மா, பாசார் பேச்சு மிஸ்ஸி."

"அவனைத் திட்டற இல்ல? அதே பேச்சு. திட்டு மட்டும் எடுத்துடு. மிச்சம் இருக்கறது மலாய்."

கொட்டகை அதிரச் சிரித்தோம். அதன்பிறகு வாய் திறந்துகொண்டது. பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், எத்தனை பிள்ளை, என்ன சமைத்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். யாராவது பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டால் மிஸ்ஸி கையை ஆட்டி, "தள்ளு, தள்ளு, வந்துடுச்சு" என்பார். நிறைமாதமாக இருந்த கோகிலா, "இங்கேயே வந்துரப் போவுது மிஸ்ஸி" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

முதலில் சிவகாமி உட்பட ஆறு பேரை அனுப்பினார். எங்களில் நன்றாகப் பேசக்கூடியவர்கள். ஆறு பேரும் தோற்றுத் திரும்பி வந்தார்கள். "மலாய் தெரியாது" என்று அதிகாரி எழுதிவிட்டார்.

செய்தி எங்களுக்கு முன்னால் கணேசமூர்த்திக்குப் போய்விட்டது. மறுநாள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். "மிஸ்ஸி, நான் அன்னைக்கே சொன்னேன். நீங்க பிரசவம் பார்க்கிறதோட நிறுத்திக்குங்க. ஆபீசர் சங்கத்தையே கேலி பண்றாரு."

மிஸ்ஸி அவரை விட்டுவிட்டுச் சிவகாமியிடம் திரும்பினார். மீன்காரனையே வாயடைக்க வைப்பவள் எப்படித் தோற்றாள் என்பது அவருக்குப் பிடிபடவேயில்லை.

"என்ன கேட்டார்?"

"பேரு கேட்டாரு. சொன்னேன். வீடு கேட்டாரு. சொன்னேன்."

"அப்புறம்?"

சிவகாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். நான்தான் சொன்னேன்: "வீட்டுக்காரர் பேரு கேட்டிருப்பாரு மிஸ்ஸி."

"கேட்டா?"

"எப்படிச் சொல்றது?"

மிஸ்ஸி எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார். "புருஷன் பேரு... தெரியாதா?"

"தெரியும் மிஸ்ஸி. சொல்லக் கூடாது."

"எங்க அம்மா எங்க அப்பாவைப் பேரு சொல்லித்தான் திட்டுவாங்க. கம்பம் முழுக்கக் கேக்கும்!"

"ஐயையோ" என்று ஆறேழு பேர் ஒன்றாகக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம் என்று சொல்ல முடியாது. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், பத்திரிகை வாசிப்பவள். ஆனாலும் அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போய்விடும். மிஸ்ஸி கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. கடைசியில் மிஸ்ஸிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கிளினிக்கில் உங்க பிள்ளைங்க எல்லாருக்கும் அப்பா பேரு எழுதியிருக்கேன். என் கையால எழுதினேன். அப்ப மட்டும் யாரு சொன்னது?"

"ருக்மணிக்கு நான் சொன்னேன்" என்றாள் சிவகாமி, என்னைக் காட்டி. "எனக்கு இவ சொன்னா."

மிஸ்ஸி எத்தனையோ வருடமாக எங்களுக்குப் பிரசவம் பார்த்தவர். ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்காரி கூடவே வந்து நின்று தகப்பன் பெயரைச் சொன்னதையும், பெற்றவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதையும் பார்த்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறார். வலியில் பேச முடியாமல் கிடக்கிறாள் என்று நினைத்திருந்தாராம்.

"அடோய்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். திருநீறு கையோடு வந்துவிட்டது.

மறுநாள் சிவகாமியையும் என்னையும் கூட்டிக்கொண்டு அதிகாரியைப் பார்க்கப் போனார். அதிகாரி மலாய்க்காரர், சொங்கோக் தொப்பி அணிந்த நடுவயதுக்காரர். முதல் ஆறு பேரையும் மறுபடி கேட்க வேண்டும் என்றும், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் கூட வருபவள் பதில் சொல்ல அனுமதிக்க வேண்டும் என்றும் மிஸ்ஸி கேட்டார்.

"ஒருவர் ஒருவராகத்தான் கேட்க வேண்டும். அதுதான் விதி" என்றார் அவர் மலாயில்.

"துவான், மலாய் தெரியுமா என்று பார்ப்பதுதானே விதி? தன் புருஷன் பெயரைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அடுத்தவள் புருஷன் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் 'அவளுடைய' என்று சேர்த்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இவர்கள் உங்களுக்குக் கூடுதலாகத்தான் பதில் சொல்கிறார்கள்."

அதிகாரி பேனாவை மேசைமேல் வைத்தார். "என் அம்மாவும் அப்பா பெயரைச் சொன்னதில்லை" என்றார். "எங்கள் அண்ணன் பெயரைச் சொல்லி, அவனுடைய அப்பா என்றுதான் கூப்பிடுவார்." கொஞ்சம் யோசித்தார். "வெள்ளிக்கிழமை காலை ஒரு வேளை தருகிறேன். அதோடு இங்கே என் வேலை முடிகிறது. அதில் தவறியவர்கள் அடுத்து எப்போது என்று என்னைக் கேட்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனோம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். லீவு சொல்லிவிட்டு வந்த கணவன்மார்கள் வெளியே மழைமரத்தடியில் பீடி புகைத்துக்கொண்டு நின்றார்கள். கணேசமூர்த்தி சங்கத்தின் சார்பில் வாசல் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சிவகாமியும் மல்லிகாவும் முதல் ஜோடி. மல்லிகா தன் பெயர், வீடு, பிள்ளைகள் எல்லாம் சொன்னாள். கணவர் பெயர் கேட்டதும் சிவகாமி முன்னால் வந்தாள். "நாமா லாக்கி தியா நாராயணன்." இவள் புருஷன் பெயர் நாராயணன் என்று அர்த்தம். அதோடு நிறுத்தியிருக்கலாம். மீசை நீளம், சம்பளத்தன்று வீட்டுக்கு வர நேரமாகும், ஆனால் நல்ல மனுஷன் என்று மலாயில் அடுக்கிக்கொண்டே போனாள்.

"போதும், போதும்" என்றார் அதிகாரி. சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். "நீ வழக்கறிஞராகவே போகலாம்."

பிறகு வேகம் பிடித்துவிட்டது. ஜோடி ஜோடியாக உள்ளே போய், தேறி, அடுத்த அறைக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கப் போனார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் மிஸ்ஸி ஒரு கையைத் தொடையில் தட்டிக்கொண்டார்.

கோகிலாவும் நானும் கடைசி ஜோடி. கோகிலாவை முதலில் கேட்டார். அவள் கணவர் பெயரை நான் சொன்னேன்: தேவதாஸ். எனக்கு ஒரு தடங்கலும் இல்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு, "இரண்டு. இன்னொன்று" என்று மலாயில் சொல்ல ஆரம்பித்த கோகிலா, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கினாள்.

"லூலுஸ், லூலுஸ்! தேறிவிட்டாள்! கூட்டிக்கொண்டு போங்கள்!" என்று அதிகாரி எழுந்தே விட்டார்.

மிஸ்ஸி ஒரு கையால் கோகிலாவின் இடுப்பைச் சுற்றிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கதவு வரை போய் மறுபடி ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் தனியாக நின்றேன். சிவகாமியும் மற்றவர்களும் அடுத்த அறையில் கையைத் தூக்கிக்கொண்டு பிரமாணம் சொல்லும் சத்தம் கேட்டது. அதிகாரி உட்கார்ந்து கேட்டார். என் பெயர், வீடு, வந்த வருடம், பிள்ளைகள். எல்லாம் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

என்னால் முடியவில்லை. அதிகாரி சுற்றிப் பார்த்தார். எனக்காகச் சொல்ல யாரும் இல்லை.

"நான் வேணும்னா சொல்லட்டுமா துவான்?" என்று கணேசமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு என்னிடம் தமிழில், "பார்த்தியாம்மா, இதுக்குத்தான் சொன்னேன். எல்லாத்துக்கும் ஒரு ஆம்பளை வேணும்" என்றார்.

அதிகாரிக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. "இன்னொரு நாள் வாருங்கள்" என்றார். இன்னொரு நாள் என்று ஒன்று இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"தாக் மாவ்" என்றேன். வேண்டாம். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "லாயின் ஹாரி தாக் மாவ், துவான். நாமா லாக்கி சாயா..." இன்னொரு நாள் வேண்டாம், என் புருஷன் பெயர் என்று தொடங்கிவிட்டேன். நான் பிறந்த ஊரும், கப்பலும், லைன் வீடும், என் பிள்ளைகளும் அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்பது போல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கத்திவிட்டேன்.

"பொன்னுதுரை!"

மண்டபம் முழுவதும் எதிரொலித்தது. ஜன்னலுக்கு வெளியே மழைமரத்தடியிலிருந்து, "சாயா, துவான்!", நான்தான் ஐயா, என்று ஒரு அலறல் வந்தது. ஏதோ அரசாங்க விஷயம் என்று பயந்துபோய், வாயிலிருந்த பீடியைக் கீழே போட்டுவிட்டு, என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். கூப்பிட்டது யார் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்த முகத்தை நான் இந்த வயதிலும் மறக்கவில்லை.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரை குத்தினார். அடுத்த அறைக்குள் நான் நுழைந்தபோது பெண்கள் எழுந்து கைதட்டினார்கள்.

மத்தியானம் மிஸ்ஸி சைக்கிளில் வந்தார். கெபாயாவின் கையை மடித்துவிட்டிருந்தார். "பொண்ணு! ரெண்டும் நல்லா இருக்கு" என்றவர், என் கையிலிருந்த சான்றிதழைப் பிடுங்கிப் பார்த்தார். "யாரு சொன்னா உனக்கு?"

"நானேதான் மிஸ்ஸி."

"எப்படிச் சொன்ன? எனக்குச் சொல்லிக் காட்டு."

மறுபடி எனக்கு வாய் வரவில்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கைகள் கிளம்பிப் போயின.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் கணேசமூர்த்தி கிட்டே வந்தார். "சந்தோஷம்மா, எல்லாருக்கும் சந்தோஷம். வருஷக் கடைசியில் நகராண்மைக் கழகத் தேர்தல் வருது. நான் நிக்கிறேன். இந்த ஓட்டெல்லாம் நம்ம சங்கத்து ஓட்டு, ஞாபகம் வச்சுக்குங்க."

சிவகாமி சான்றிதழை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "அண்ணே, எங்களுக்குத்தான் வீட்டு நம்பரே தெரியாதே. உங்க பெட்டியை எப்படிக் கண்டுபிடிப்போம்?" பிறகு மிஸ்ஸியைக் காட்டினாள். "இவங்க நின்னா இவங்களுக்குப் போடுவோம்."

"நானா? பைத்தியமா?" என்று மிஸ்ஸி மலாயில் கேட்டார். "எனக்குத் தமிழில் மேடையில் பேசத் தெரியாதே."

"தெரிஞ்சதைப் பேசுங்க மிஸ்ஸி, போதும்" என்றேன் நான்.

அவர் தேர்தலில் நின்றார். முதல் கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி வேணும். லைனுக்குக் குழாய் வேணும். நான் கேப்பேன். குடுக்கலேன்னா மறுபடி கேப்பேன்" என்றார். அதற்கு மேல் தமிழ் வரவில்லை. மிச்சத்தை மலாயில் பேசினார். இப்போது எங்கள் எல்லோருக்கும் அது புரிந்தது.

முடிவு அறிவித்த அன்று நகராண்மைக் கழகக் கட்டடத்து முன்னால் அவ்வளவு கூட்டம். எதிர்த்து நின்ற கணேசமூர்த்தியே எங்களுக்கு முன்பே மிஸ்ஸிக்கு மாலையோடு வந்து நின்றார், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மிஸ்ஸியின் பெயரை அறிவித்ததும் பெண்கள் அவரைத் தூக்கப் போய், அந்த நெரிசலில் அவருடைய மணி கோத்த செருப்பில் ஒன்று எங்கேயோ போய்விட்டது. அவர் மற்றொன்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஜாலான் பெண்டஹாரா தெருவின் துணிக்கடைகளுக்கு முன்னால் வெறுங்காலோடு நடந்தார். கடைக்காரர்கள் எழுந்து வந்து வாசலில் நின்றார்கள். பின்னால் நாங்கள் தெருவை அடைத்துக்கொண்டு போனோம். கோகிலா இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு வந்தாள்.

"மிஸ்ஸி, கால் சுடலையா?" என்று கேட்டேன்.

"சுடுது" என்றார். "முதல்ல ரோட்டைத்தான் பார்க்கணும்."

காஜா பெராங் வரை அப்படியே நடந்துதான் வந்தார்.