நீலக் கோடு வரைக்கும்

கூடாரத்தின் கடைசி முளையைப் பிடுங்கியவர், அதைக் கையில் வைத்துக்கொண்டே புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்றுதான் அவர் மனைவி நினைத்தாள். இரண்டு நாளாக அவர் பண்ணின கூத்து கொஞ்சநஞ்சமில்லை. நேற்று ஈர விறகை ஊதி ஊதி முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டு, அதோடே நின்று போட்டோ எடுக்கச் சொன்ன மனிதர்.

"எழுந்திருங்க. வயசுக்கேத்த வேலையா இது?"

"இடது கை மரத்துப் போச்சு," என்றார். "நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. மகளைக் கூப்பிடு. ஓடாத, நடந்து போ."

இருபத்தாறு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். இது என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏரிக்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகளை நோக்கி அவள் நடக்கப் பார்த்தாள். நாலு எட்டுக்கு மேல் முடியவில்லை, ஓடினாள்.

மகள் திங்கட்கிழமை ரயில் ஓட்டும் பயிற்சிக்குக் கிளம்புகிறாள். அதற்கு முன்னால் மூன்று பேரும் மலையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள் இன்னொன்றும் ஒளிந்திருப்பது மனைவிக்குத் தெரியும். மகளை அனுப்ப அவளுக்கு மனமே இல்லை. "காப்பி டம்ளரையே சிந்தாம கொண்டுவரத் தெரியாது. இவ கையில ஆயிரம் பேரு உசுரா?" என்று கேட்டாளே தவிர, "பாக்கலாம்" என்பதைத் தாண்டி ஒரு சம்மதமும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

அதனால்தான் மலையேறும்போது வேனை மகளிடம் கொடுத்தார். பின் சீட்டுக்குப் பக்கத்துக் குழியில் ஒரு எனாமல் குவளையை வைத்து, அதன் உள்ளே ஓடும் நீலக் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் சிந்தாமல் ஓட்ட வேண்டும்; புது டிரைவர்களுக்கு அவர் வைக்கும் பரீட்சை அது. மலைப்பாதையில் பதினொரு கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதில் பாதித் தண்ணீர் பின் சீட்டில் இருந்த மனைவியின் மடியில் கொட்டியது.

"பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன். பாதி மிச்சம் இருக்குல்ல," என்றார் அவர்.

இப்போது மகள் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சாவியை மட்டும் கேட்டாள். போனில் சிக்னல் இல்லை. எப்படியாவது தகவல் சொன்னாலும், கீழேயிருந்து ஒரு ஆம்புலன்ஸ் ஏறி வருவதற்குள் நாமே இறங்கிவிடலாம் என்று அவரே கணக்குச் சொன்னார். எங்கே போனாலும் வண்டியைத் திருப்பி, மூக்கு வெளியே பார்க்கும்படிதான் நிறுத்துவார். அதற்காக அம்மாவும் மகளும் அவரைக் கேலி செய்யாத நாளில்லை. இன்று ஏறி உட்கார்ந்ததும் வண்டி கிளம்பியது.

முதலுதவிப் பெட்டியில் இருந்த மாத்திரையை மென்றுகொண்டே மனைவியின் மடியில் தலை வைத்துப் படுத்தார்.

"குவளையில தண்ணி ஊத்து."

"குடிக்கவா?"

"கோடு வரைக்கும் ஊத்து."

"இப்பவுமா?" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனாலும் ஊற்றினாள்.

"வேகம் வேணாம்மா," என்று முன்பக்கம் பார்த்துச் சொன்னார். "உலுக்காம போ, போதும்."

மூன்றாவது வளைவு வரை பேசினார். "ரயிலுக்கு இப்படி வளைவெல்லாம் கிடையாது. நீ குடுத்துவச்சவ," என்றார் மகளிடம். நான்காவதில் மனைவியின் விரல்களை இறுக்கிப் பிடித்தார். பிறகு பிடி விட்டது. அவள் குனிந்து அவர் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை.

அவர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற வண்டியில் பின்னால் உயிர் போய்விட்டால், கூட இருக்கும் உதவியாளர் அதை டிரைவரிடம் சொல்லக் கூடாது. படுத்திருப்பவரிடம் ஏதாவது பேசிக்கொண்டே வர வேண்டும். "தெரிஞ்சா டிரைவருக்குக் கால் ஆடிரும். அப்புறம் எல்லாரும் போக வேண்டியதுதான்," என்பார். சாப்பிடும்போது பேசுகிற பேச்சா இது என்று அவள் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள்.

அவள் சீட்டிலிருந்து நழுவிக் கீழே மண்டியிட்டாள். அவர் சொல்லிக் கொடுத்திருந்தபடி இரண்டு கையாலும் அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். அழுத்திக்கொண்டே பேசினாள்.

"கூடாரத் துணிய ஈரத்தோட சுருட்டி வச்சிருக்கீங்க. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள நாறப் போகுது. யாரு அலசுறது? நான்தானே?"

அழுத்தினாள். "நேத்து அந்தப் பாறை மேல யாரு முதல்ல ஏறினது? நான்தான். ஒத்துக்கங்க."

"அப்பா ஒத்துக்க மாட்டாரும்மா," என்றாள் மகள், சாலையைப் பார்த்தபடி.

"அவரு எதைத்தான் ஒத்துக்கிட்டாரு?"

"நீ பேசிட்டே வாம்மா."

அவள் பேசிக்கொண்டே வந்தாள். கை ஓய்ந்தது, அப்போதும் அழுத்தினாள். வண்டி வளைவுகளில் சாய்ந்து நிமிர்ந்தது. மண்டியிட்ட இடத்திலிருந்து ஒரு தடவைகூட அவள் சறுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மகள் வண்டியைத் திருப்பி, பின்கதவு படிக்கு நேராக வரும்படி நிறுத்தினாள். அவரோடு பல வருஷம் ஆம்புலன்ஸில் பின்னால் உட்கார்ந்து வந்த உதவியாளர் ஓடிவந்து கதவைத் திறந்தார். கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். வெகு நேரம் கையை எடுக்கவில்லை.

"எப்ப அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "நாலாவது வளைவுல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கண்ணாடியில பாத்தேன்மா. நீ கீழ இறங்கினப்பவே." அப்போதுதான் மகளின் கையிலிருந்து சாவிக்கொத்து நழுவிக் கீழே விழுந்தது.

ஏழு வளைவுகள். தெரிந்துகொண்டே ஓட்டியிருக்கிறாள். இந்த நேரத்தில் இப்படித் தோன்றலாமா என்று அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பெருமையாக இருந்தது, நெஞ்சு வெடித்துவிடும்போல் பெருமையாக இருந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நான் போகலம்மா," என்றாள் மகள் அவள் தோளில். "உன்னைத் தனியா விட்டுட்டு எப்படி?"

"இந்தத் திங்கக்கிழமை இல்லன்னா அடுத்த திங்கக்கிழமை. விஷயத்தைச் சொல்லி லெட்டர் எழுது. நானே வந்து ஏத்தி விடுறேன்."

அவரைத் தள்ளுவண்டிக்கு மாற்றினார்கள். உதவியாளர் வேனுக்குள் எட்டி, குழியிலிருந்த குவளையை எடுக்கப் போனார்.

"இருங்க," என்று அவளே இரண்டு கையாலும் தூக்கினாள். தண்ணீர் நீலக் கோட்டில் நின்றது.

"குடுங்க அண்ணி, கொட்டிடறேன்."

"வேணாம். அவரு இன்னும் பாக்கல."

தள்ளுவண்டி உள்ளே நகர்ந்தது. அவள் குவளையைப் பார்த்துக்கொண்டே அதன் பின்னால் நடந்தாள். தாழ்வாரத்தில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள்.