டாரஸை ஓட்டியவள்

எனக்கு ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. சும்மா வந்ததில்லை. டெஸ்ட் அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் பாலத்து ஏற்றத்தில் லாரியை நிறுத்தச் சொல்லி, "இப்ப எடும்மா, பின்னாடி உருளக்கூடாது" என்றார். ஒரு சாண்கூட உருளவில்லை. எனக்கு முன்னால் ஏறிய ஆம்பிளைகள் எல்லாம் அதே இடத்தில் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு அசடு வழிந்தார்கள். பொன்னேரி பக்கம் எங்கள் வயலில் நெல் மூட்டையோடு டிராக்டரைச் சேற்றிலிருந்து மேலே ஏற்றிப் பழகினவள் நான். பாலமெல்லாம் எனக்கு எம்மாத்திரம்?

லைசென்ஸ் கைக்கு வந்ததும் கும்மிடிப்பூண்டியில் சந்திரமோகனின் லாரி ஷெட்டில் சேர்ந்தேன். சிப்காட் கம்பெனிகளுக்கு இரும்பு ஏற்றுகிற ஆள். பன்னிரண்டு சக்கர டாரஸ் வண்டிகளாக வரிசையாக நிறுத்தியிருப்பார். சேர்ந்த அன்றே எனக்குச் சால்வை போட்டு, ஒரு டாரஸின் ஸ்டியரிங்கில் உட்கார வைத்து போட்டோ எடுத்தார். எடுத்து முடிந்ததும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அத்தோடு சரி.

"நைட்டு லோடும்மா, உன்ன எப்டி அனுப்பறது?" என்பார்.

"அப்ப பகல் லோடு குடுங்கண்ணா."

"பகல்ல செம டிராபிக்குமா. அடுத்த நடை உனுக்குத்தான், பேஜார் பண்ணாத."

அடுத்த நடை, அடுத்த நடை என்றே ஒரு வருஷம் ஓடிவிட்டது. நான் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து லோடு ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஆதிநாராயணனுக்கு அது நல்ல தமாஷ். சாப்பிட உட்காரும்போதெல்லாம், "இன்னா டிரைவரம்மா, இன்னிக்கு எந்த ஊரு வரைக்கும் போய்க்கினு வந்தே?" என்பார். குழம்புக் கரண்டியாலேயே மண்டையில் ஒன்று போடலாமா என்று வரும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் சந்திரமோகனின் மகன் வசந்தகுமார் ஆசைக்கு ஒரு டாரஸை எடுத்துக்கொண்டு போனான். அவனிடம் இருப்பது கார் லைசென்ஸ்தான். அவன் கேட்டதும் சாவி கிடைத்துவிட்டது, பாருங்கள். சிப்காட் திருப்பத்தில் ஓரமாக நின்றிருந்த ஷேர் ஆட்டோ மேல் ஏற்றிவிட்டான். ஆட்டோக்காரருக்கு இரண்டு காலும் முறிந்துபோனது. இவன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடிவந்து ஒளிந்துகொண்டான்.

சந்திரமோகன் நேராக என் மேஜைக்கு வந்தார். அந்த மனுஷன் என்னிடம் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சுமலதா, நீதாம்மா காப்பாத்தணும். ஹெவி இல்லாதவன் ஓட்டினான்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ் பத்து பைசா தராது, புள்ள உள்ள போய்டுவான். டிரைவருங்கல்லாம் லோட்ல கீறாங்க. நீ ஓட்டினேன்னு சொல்லிடு. பொம்பள, உடனே ஜாமீன்ல வுட்ருவாங்க."

"என் லைசென்ஸு போய்டுமேண்ணா?"

"கொஞ்ச நாளைக்கு சஸ்பெண்டு பண்ணுவாங்க. அப்பால அந்த வண்டி உனுக்குத்தான். பர்மனெண்ட்டு. எம் புள்ள மேல சத்தியம்."

ஆட்டோக்காரரின் காலை நான் நினைக்காமல் இல்லை. ஆனால் அந்த வண்டியைத்தான் அதிகம் நினைத்தேன். கேவலம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டியை அதற்குள் இழுத்துவந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் என் லைசென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இன்னா சந்திரமோகன், வெளாட்றியா? டாரஸ ஒரு பொம்பள ஓட்டினான்னு எழுதினா கோர்ட்ல எவன் நம்புவான்? ஆம்பள எவனாவது இருந்தா கூட்டிக்கினு வா."

"சார், ஒரிஜினல் ஹெவி சார் அது. நான்தான் ஓட்டினேன்" என்றேன்.

"போம்மா, ஊட்ல போய் உலைய வை."

எங்கிருந்துதான் எனக்கு அத்தனை வெறி வந்ததோ. "வண்டி வாசல்லதான சார் நிக்குது? சாவி குடுங்க, இங்கயே ரிவர்ஸ் எடுத்துக் காட்டறேன்! நான்தான் சார் ஆட்டோ மேல ஏத்தினேன்! என்னப் புடிச்சு உள்ள போடுங்க சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஸ்டேஷனே சிரித்தது. சந்திரமோகன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஜெயராஜுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜெயராஜ் எங்கள் ஷெட் டிரைவர். ஆந்திராவில் லோடு இறக்கிவிட்டு அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தான். லுங்கியோடு வந்து மேஜை முன்னால் நின்றான்.

"நீதான ஓட்டின?"

"ஆமா சார்."

சப்-இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். அவனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.