மாற்றுச் சாவி

நாற்பத்து மூன்று பிழைகள் என்று திரையின் அடியில் இருந்தது. கம்ப்யூட்டர் பொண்ணு அதைப் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மதியம் ஒன்றேகால். இரண்டு மணிக்கு நான் கலவை உருளைக்குள் இறங்க வேண்டும்.

சோப்புத் தூள் கலக்கும் இரும்பு உருளை அது. உள்ளே ஒட்டியிருப்பதைப் பன்னிரண்டு வருஷமாகச் சுரண்டுகிறேன். அதனால் எனக்குப் பல்லி என்று பேர். இறங்குமுன் மின்பெட்டியில் என் பூட்டை மாட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன். நான் வெளியே வந்து திறந்தால்தான் உருளை சுற்றும். இன்றிலிருந்து பூட்டுக்குப் பதில் கம்ப்யூட்டரில் ஓர் அனுமதிச் சீட்டு. அது அழியும்வரை உருளை அசையக்கூடாது. அதற்கு நிரல் எழுதுகிறவள் அவள். சோதனைக்கு உடம்பு என்னுடையது.

"என்னம்மா சொல்லுது?"

"ஸ்மார்ட் பாயின்டர்னு ஒண்ணுண்ணே. உங்க சீட்டைக் கையில பிடிச்சிருக்கிறது அதுதான். கை போனா சீட்டும் போயிடும். ஒரு சீட்டுக்கு ஒரே கை. அந்தக் கைங்களை வெக்டர்ங்கிற வரிசையில அடுக்கியிருக்கேன். எங்கயோ அதை நகல் எடுக்கப் பார்க்கிறேன் போல. எழுதினதைச் சரிபார்க்கிற கம்பைலர் விட மாட்டேங்குது."

"விடாதது நல்லதுதானே."

"எந்த இடம்னு நேரா சொல்லித் தொலைச்சா நல்லது."

சூப்பர்வைசர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பல்லி, நீ இங்க என்ன பரீட்சையா எழுதுறே? ஏம்மா, சாதா பாயின்டரா மாத்திட்டுப் போயேன். எத்தனை நகல் எடுத்தாலும் அது வாயைத் திறக்காது. கம்பெனிப் பெரியவங்க வந்து கீழ உக்காந்திருக்காங்க."

அவள் மாற்றினாள். பிழை பூஜ்யம். "அவ்வளவுதான், இதுக்குப் போய்" என்று அவர் இறங்கிப் போனார். அவள் விரல்கள் மட்டும் விசைப்பலகையைவிட்டு எழவில்லை.

"இப்ப என் சீட்டு எத்தனை பேரு கையில இருக்கு?"

"மூணு இடத்துலண்ணே."

"யாரு அழிப்பாங்க?"

"யாரு முதல்ல வேலையை முடிக்கிறாங்களோ..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

முந்தைய சூப்பர்வைசர் அவசரத்துக்கு என்று என் சகலையின் பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்து வைத்திருந்தார். ஆள் வெளியே வந்துவிட்டான் என்று நினைத்துத் திறந்தார். சகலை இப்போது இடது கையால்தான் சட்டைப் பித்தான் போடுகிறான். அவளிடம் இதைச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் பழையபடி மாற்றினாள். நாற்பத்து மூன்று திரும்பி வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

நான் எழுத்துப் படித்தது, இங்கிலீஷ் எழுத்தும்தான், பேத்தி பிறந்த பிறகு. எழுத்துக் கூட்டுகிறவனுக்குத் தாவிப் படிக்கத் தெரியாது. அவள் கண் கீழும் மேலும் ஓடியது. நான் முதல் வரியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. ஆறாவது வரியில் மட்டும் ஏற்கெனவே பார்த்த பேர் ஒன்று.

"இந்தப் பேருதானே திரையில நீ எழுதின ஃபைல் மேலயும் இருக்கு? பக்கத்துல இருநூத்துப் பதினெட்டு போட்டிருக்கு."

அவள் தன் ஃபைலில் அந்த எண்ணுள்ள வரிக்குப் போனாள். "யாரு உள்ள இருக்காங்கன்னு சுவர்ப் பலகையில காட்டுறதுக்கு முழு வரிசையையும் நகல் எடுத்திருக்கேன். சும்மா பார்க்கிறதுக்கு எதுக்கு நகல்?" ஒரே ஒரு குறி தட்டினாள். மூன்று பிழைகள்தான் மிச்சம். இன்னோரிடத்தில் நகலை நீக்கிவிட்டுச் சீட்டைக் கைமாற்றினாள். கொடுத்த கை காலியாகிவிடுமாம். பூஜ்யம். மணி ஒன்று ஐம்பத்தாறு.

"இப்ப சரியா?"

"கம்பைலருக்குச் சரிண்ணே."

கீழே மின்பெட்டியருகே என் பூட்டை எடுத்தேன். "ரெண்டையும் மாட்டினா எது நிறுத்துச்சுன்னு எப்படிடா தெரியும்?" என்று சூப்பர்வைசர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். பெரியவர்கள் நாற்காலியில் நிமிர்ந்தார்கள். நான் இறங்கினேன். திரையில் என் சீட்டு பச்சையாக வந்துவிட்டது என்று யாரோ சொன்னது கேட்டது.

உருளையின் வாயில் வெளிச்சம் மறைந்தது. அவள்தான். விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் உள்ளே தொங்கவிட்டாள்.

"ஏம்மா, எந்திரி அங்கேர்ந்து," என்றார் சூப்பர்வைசர்.

"நான் எழுதினதுதானே சார். அமுக்குங்க."

பிறகு உருளையைச் சுற்றவிடும் பொத்தான் அமுங்கும் சத்தம். நான் உள்ளங்கையை இரும்பில் பதித்துக் குந்தியிருந்தேன். என் முகத்துக்கு நேரே அவளுடைய ஒரு காலின் செருப்பு விரல்நுனியில் ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.