பத்தாவது ஊசி

அடுத்த தெருவில் இரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டதும், எங்கள் சலவைக்கூடத்து முதலாளியம்மா கண்டிப்பாக ஒரு முடிவு சொன்னார். துணி மடிக்கும், நாங்கள் எல்லோரும் தங்கச்சி என்று கூப்பிடும் பெண் தன் ஐந்து மாதக் கைக்குழந்தையை வழக்கம்போல வேலைக்குத் தூக்கி வரலாம். ஆனால் இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் குழந்தை வரக்கூடாது. ஒன்பது மாதம் ஆகாமல் அவனுக்கு ஊசி இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. ஆகவே அவன் வராவிட்டால் அவளுக்கு வேலையும் இல்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நர்ஸ் வந்து மருந்தைக் கலக்கினார். புட்டியில் பத்துப் பேருக்கு இருக்கிறது, ஆறு மணி நேரம்தான் தாங்கும், நாலு மணிக்கு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், மறுபடி வருவது அடுத்த மாதம்தான் என்று விவரமாகச் சொன்னார். யாராவது கர்ப்பமா, வேறு நோய் உண்டா என்று தனித்தனியாக விசாரித்தார். துவைக்கிறவர் ஒருவர் தனக்குச் சின்ன வயதிலேயே வந்துபோனதாக நினைவு என்று நழுவப் பார்த்தார். வந்திருந்தாலும் போட்டுக்கொள்வதில் கெடுதல் இல்லை என்று நர்ஸ் அவரையும் உட்கார வைத்துவிட்டார். முதலாளியம்மா, மடிக்கிற மூவர், துவைக்கிற இருவர், இஸ்திரி போடும் நானும் என் கூட்டாளியும், இரண்டாம் தவணை விட்டுப்போன தங்கச்சியின் மூத்த மகள் என்று பதினொரு மணிக்குள் ஒன்பது முடிந்தது.

பத்தாவது ஆள் வேன் ஓட்டுநர். சைக்கிளுக்கும் வழிவிட்டு ஓட்டுவதால் அவருக்குப் ‘புயல்’ என்று பட்டப்பெயர். எல்லா ஓட்டல்களுக்கும் போய் அழுக்குத் துணி எடுப்பவர் என்பதால், நோய் உள்ளே வருவதென்றால் அவரோடுதான் முதலில் வரும். ஊசி என்றால் மனிதருக்குக் குலைநடுக்கம். ஒரு மணிக்குக் கேட்டால் டயர் பஞ்சர். இரண்டு மணிக்கு ரோட்டில் நெரிசல். மூன்று மணிக்குப் போனையே எடுக்கவில்லை.

மூன்று பத்துக்குத் தங்கச்சி தானே கூப்பிட்டாள். எடுத்துவிட்டார்.

“அண்ணே, உங்க குரல் கேட்டாத்தான் எம் புள்ள அழுகைய நிறுத்துறான். நீங்க இன்னைக்கு வரலைன்னா நாளையிலேருந்து எனக்கு இங்க வேலையில்ல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வெச்சிடறேன்.”

மூன்று நாற்பத்தெட்டுக்கு வேன் வாசலில் கிரீச்சிட்டு நின்றது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே வந்தவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

என் கூட்டாளி சும்மா இருப்பாரா? “அம்பது கிலோ மூட்டையத் தூக்குற ஆளு, அரை இஞ்சு ஊசிக்கு இப்படி ஒடுங்கிப் போறியே.”

“மூட்டை என்னைக் குத்தாதுடா,” என்றார் கண்ணைத் திறக்காமல். “நர்ஸம்மா, ஆரம்பிக்கும்போது சொல்லுங்க.”

“முடிஞ்சு போச்சுங்க,” என்றார் நர்ஸ், பஞ்சை அழுத்தியபடி.

மணி மூன்று ஐம்பத்தொன்று. நர்ஸ் காலிப் புட்டியைத் தூக்கிக் காட்டினார். மடிக்கும் மேசையை ஆளாளுக்குத் தட்டிய தட்டில், அடுக்கியிருந்த போர்வைகள் மொத்தமும் சரிந்தன. யாரும் கவலைப்படவில்லை.

ஊசி முழுதாக வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால், அதுவரை தங்கச்சிக்குச் சம்பளத்தோடு விடுப்பு. பதினாறாம் நாள் காலை, தெருவே எட்டிப்பார்க்கும்படி ஹாரனை அடித்துக்கொண்டு வேன் வந்து நின்றது. முதலாளியம்மாவே கதவைத் திறந்து குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

புயல் இப்போது போகிற ஓட்டலிலெல்லாம் காவலாளி முதல் சமையல்காரர் வரை நிறுத்தி, “போட்டாச்சா?” என்று கேட்கிறாராம். இருபத்துமூன்று பேரை மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பதாகக் கணக்குச் சொன்னார். அன்று மதியத்துக்குள் அது இருபத்தேழாகிவிட்டது.