நீளம் தெரியாத பதிவுகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு லப்லாபிக் கடையில் கிடைத்தது. துனிஸில் நான் குடியிருக்கும் தெருமுனைக் கடை அது. ரத்த வங்கியில் கணினி பார்க்கும் ரவுதா, கொண்டைக்கடலைச் சாற்றில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி நடந்ததைச் சொன்னாள். "எழுதிக்கோ. ஆனா என்னை அழ வச்சிடாத" என்றாள்.

முதல் வரி இப்படி இருந்தது: "காந்த நாடாவில் காலம் உறங்கிக் கிடந்தது..." (அடித்துவிட்டேன். காலம் எங்கும் உறங்காது.)

இரண்டாவது முயற்சி: "ரவுதாவுக்குக் கோபால் தெரியும்." தமிழ் வாசகர் உடனே "எந்தக் கோபால்?" என்பார். பழைய பெருங்கணினிகளின் மொழி ஐயா அது. சரி, நேராகவே சொல்கிறேன்.

2

தெற்கே தொலைவில், காபெஸ் ஊர் மருத்துவமனையில் இப்திஸாம் என்ற நிறைமாதக்காரிக்கு மறுநாள் காலை அறுவை சிகிச்சை. அவள் உடம்பில் ஓடுவது நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே உள்ள ரத்தம். வேறு ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இன்றைய கொடையாளர் பட்டியலில் அந்த வகைக்காரர் ஒருவரும் இல்லை. பெருங்கணினிக் காலத்துப் பட்டியல் ஒன்று மிச்சமிருந்தது. கணினி பழைய இரும்புக்குப் போய்விட்டது. கோப்பு மட்டும் நகலாகக் கிடந்தது. அதில் ஒருவர் எங்கே முடிந்து அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்று சொல்லும் குறிப்பு தொலைந்திருந்தது.

வங்கிப் பொறுப்பாளர் டாக்டர் லஸாத் அவள் மேசையருகே வந்து நின்றார்.

"ரவுதா, எப்படியாவது படிச்சுக் குடும்மா."

"எப்படிப் படிக்கிறது டாக்டர்? ஒரு பதிவு எவ்வளவு நீளம்னு முன்னாடியே கோபாலுக்குச் சொல்லணும். தப்பாச் சொன்னா கோப்பே திறக்காது."

"குத்துமதிப்பா ஒண்ணு சொல்லிப் பாரேன்."

"நீங்க குத்துமதிப்பாவா ரத்தம் ஏத்துறீங்க?"

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நீளமே சொல்லாமல், வந்ததை வந்தபடி அள்ளிக்கொண்டு வரச் சொல்லி நிரல் எழுதினாள் ரவுதா. பழைய இயந்திரத்தின் எழுத்துக்குறிகளை மாற்றியதும் திரையில் பெயர்கள் தலைகாட்டின. ஒரு நீளத்தை ஊகித்து வெட்டினாள். முதல் பெயர் சரியாக நின்றது. இரண்டாவது நகர்ந்தது. மூன்றாவது பாதியில் அறுந்து, "பென் சா" ஒரு வரியிலும் "லா" அடுத்த வரியிலும் விழுந்தன. வேறு நீளம் போட்டால் வேறொருவர் அறுந்தார்.

(இந்த இடத்தில் அவள் கண்ணீர் ஒன்று... வேண்டாம். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

3

பெயர்களை விட்டுவிட்டு இடைவெளிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் தேதிகள். ஒருவருக்கு ஒன்றிரண்டு, இன்னொருவருக்கு வரிசையாக. ரத்தம் கொடுத்த நாட்கள்! அதிகம் கொடுத்தவரின் பதிவு நீளம். ஒருமுறை வந்து போனவருடையது குட்டை. எல்லோருக்கும் பொதுவான நீளம் என்ற ஒன்று இருந்ததே இல்லை.

அப்படியானால் ஒவ்வொருவர் நீளமும் எங்காவது எழுதியிருக்க வேண்டுமே? பெயருக்கு முன்னால் குப்பை என்று அவள் தள்ளிவிட்ட நான்கு பைட்டுகளை எண்ணாகப் படித்துப் பார்த்தாள். அதுதான். "நீளம் மாறும்" என்று நிரலுக்குச் சொல்லி ஓட்டினாள். பெயர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையில் வந்து நின்றன.

4

அந்த வகையில் மூன்று பேர். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவரின் எண் செத்துப்போயிருந்தது. மிச்சம் ஹமீதா, துனிஸை ஒட்டிய லா கூலெத் மீன்துறைக்காரி. பழைய எண்ணுக்கு முன்னால் இப்போதைய ஊர்க் குறியீடான எழுபத்தொன்றைச் சேர்த்து ரவுதா அழைத்தாள்.

"ரத்த வங்கியிலேர்ந்து பேசறேன்மா. ஒரு பிரசவத்துக்கு அவசரமா ரத்தம் வேணும். நீங்க முன்னாடி நிறைய தடவ ரத்தம் குடுத்திருக்கீங்க..."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்? எனக்கு எழுபது தாண்டிருச்சு மகளே. இப்ப உடம்புல ரத்தம் எங்க, சக்கரதான் ஓடுது."

ரவுதா திரையில் மற்ற இரண்டு பெயர்களை மறுபடி பார்த்தாள்.

"என்னடி, போன வச்சிட்டியா? என்னோடது ஆகாதுன்னா கடக்குட்டி தம்பி ஜல்லூல் இருக்கானே! எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்னு அப்பவே சோதிச்சுச் சொன்னாங்க. ஊசின்னா ஓடிருவான், அதான் உங்க பட்டியல்ல இல்ல. இரு, காதப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்."

(எனக்கே சந்தேகம்தான்: இவ்வளவு வசதியாக ஒரு தம்பியா? லஸாத்திடம் கேட்டேன். "அரிய ரத்தம்னா நாங்க முதல்ல தேடறதே கூடப்பொறந்தவங்களத்தான்" என்றார். ஆகவே ஜல்லூல் என் கைவரிசை அல்ல.)

5

ஜல்லூல் வந்தான். ஐம்பது வயது ஆள், ஊசியைப் பார்த்ததும் முகம் வெளிறியது. "கண்ண மூடுடா, சுறாவையே அறுக்கிறவன்!" என்று ஹமீதா அதட்டினாள். மாலைக்குள் பை நிறைந்து, சோதனை முடிந்து, வண்டி காபெஸுக்குக் கிளம்பியது.

மறுநாள் நண்பகலில் லஸாத் படியேறி வந்தார். "ரெண்டு உயிரும் பொழச்சிருச்சு." ரவுதா நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். அழவில்லை. (சத்தியமாக.)

6

அன்று பிற்பகல் மத்தி மீன் பொட்டலத்தோடு ஹமீதா வந்து நின்றாள்.

"யாருக்குப் போச்சு?"

"சொல்லக் கூடாதும்மா. சட்டம்."

"பேரு வேணாம். பொறந்தது பொண்ணா, பையனா? அத மட்டும் சொல்லு."

அதுவும் சொல்லக் கூடாதுதான். ரவுதா லஸாத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு பிரதியில் அவளைச் சொல்ல வைத்தேன். இன்னொன்றில் அவள் தலையை மட்டும்... கடையில் கேட்டபோது ரவுதா ரொட்டியை மென்றுகொண்டே இருந்தாள். எனக்கும் அதற்குமேல் தெரியாது. அந்த வாசலில் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

படியிறங்கும்போது ஹமீதா போட்ட குலவை தெருவுக்கே கேட்டது. அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் ஒரே குலவைதான்.