வெள்ளிக்கிழமை டப்ளினில்

கலிஃபோர்னியாவில் உள்ள டப்ளினில் பாதித் தமிழ்க் குடும்பங்களுக்கு சுப்பையன் அங்கிள்தான் டாக்ஸ் ஃபைல் பண்ணிக் கொடுப்பார். ரிட்டயர் ஆன அக்கவுன்டன்ட். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவர் வீட்டு டைனிங் டேபிளில் அவருக்கு எதிரே தென்றல் உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி ராஜலக்ஷ்மி ஆன்ட்டி கிச்சனில் காபி கலந்துகொண்டிருந்தார்.

"உன் வீட்டுக்காரர் இன்னும் நியூ ஜெர்சிலதானம்மா?"

"ஆமாங்க அங்கிள். எடிசன்ல."

"அப்ப செழியன் சம்பளத்துக்கு அங்க டாக்ஸ், உன் சம்பளத்துக்கு இங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவர் இங்க வர்றப்போ லேப்டாப்பைத் திறந்து வேலை பாப்பாரா?"

"வியாழக்கிழமை நைட் வருவார். வெள்ளிக்கிழமை வீட்லேர்ந்தே வேலை பாப்பார்."

பலரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில், தானாக வந்துவிட்டது. யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை. போன வருடம் முழுக்க செழியன் டப்ளின் பக்கமே வரவில்லை.

"அப்படின்னா அந்த வெள்ளிக்கிழமைச் சம்பளத்தைக் கலிஃபோர்னியாவுக்குக் காட்டணும். ஆள் எங்க உக்காந்து வேலை பாத்தாரோ, அந்த ஸ்டேட் டாக்ஸ் கேக்கும். மாசத்துக்கு ரெண்டு தடவை வருவாரா?"

இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆன்ட்டி காபியோடு வந்து பக்கத்தில் நின்றார். தென்றல் தலையாட்டினாள். அங்கிள் டைப் அடித்துக்கொண்டார்.

டைப் அடித்த டாக்ஸ் ஃபாரத்தைச் சரிபார்க்கச் சொல்லி அவர் தென்றல், செழியன் இருவருக்கும் அனுப்பி வைத்தார். செவ்வாய்க்கிழமை தென்றல் ஆஃபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்தும்போது செழியன் ஃபோனில் கூப்பிட்டான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வெண்பாவின் டேப்லெட்டில்தான் பேசுவான். அந்த நேரத்தில் தென்றல் வேறு அறைக்குப் போய்விடுவாள்.

"நான் டப்ளின்ல வேலை பாத்தேன்னு போட்டிருக்கே. அங்கிள் தப்பாப் போட்டுட்டாரா?"

"நான்தான் சொன்னேன்."

தென்றல் எஞ்சினை அணைத்தாள்.

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கியா?"

"ஆமா."

"சரி, இருக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டுடறேன். கம்பெனில கேட்டா ஏதாவது சொல்லிக்கறேன். நீ மறுபடியும் அவங்க வீட்டுக்குப் போய் நிக்க வேண்டாம்."

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள்.

அவனுக்கு இங்கே வேலை போன பிறகு சில மாதங்கள் வீட்டில் இருந்தான். ஒரு நாள் சாயங்காலம் டேகேர் பணம் கட்ட மறந்துவிட்டான் என்பதற்காக, வெண்பா முன்னாலேயே அவள் சொன்னாள்: "நீங்க இருந்தாலும் இந்த வீடு ஓடும், இல்லாட்டியும் ஓடும்." எடிசனில் வேலை கிடைத்ததும் கிளம்பினான். முதலில் சில தடவை வந்தான். கடைசியாக வந்தபோது, சொந்த வீட்டில் டவல் எங்கே இருக்கிறதென்று அவளிடம் கேட்டுக்கொண்டு நின்றான். அதன் பிறகு வரவில்லை. வா என்று அவளும் கூப்பிடவில்லை. ஊர் கேட்டால் சொல்ல வெள்ளிக்கிழமைகளை உண்டாக்கிக்கொண்டாள். இப்போது அவள் மானத்தைக் காப்பாற்ற அவன் பொய்க் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறான்.

"வேண்டாங்க. போடாதீங்க" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அங்கிள் வீட்டுக்குப் போனபோது ஆன்ட்டி வெளியே போயிருக்க மாட்டாரா என்று வேண்டிக்கொண்டாள். ஆன்ட்டிதான் கதவைத் திறந்தார்.

"அங்கிள், அந்த வெள்ளிக்கிழமைய எல்லாம் எடுத்துடுங்க. அவர் வரலை."

"எந்தெந்த வாரம்மா வரலை?"

"எந்த வாரமும் வரலைங்க. வருஷம் முழுக்க வரவே இல்லை. நான் பொய் சொல்லிட்டேன்."

அங்கிளின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன. தீபாவளிக்கு ஆன்ட்டி செழியனுக்கென்று தனியாக அதிரசம் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். அவர் ரொம்ப ரசிச்சுச் சாப்பிட்டார் என்று தென்றல் ஃபோனில் வேறு சொல்லியிருந்தாள். ஆன்ட்டிக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். சுத்தமாகவே இருந்த டேபிளைத் துடைத்தார். தென்றலுக்குக் காது மடல்கள் எரிந்தன.

"மாத்திடறேன்" என்றார் அங்கிள். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "இன்னொண்ணு, கேக்காம முடியாதும்மா. ரெண்டு பேரும் சேர்ந்தே ஃபைல் பண்றீங்களா, தனித்தனியாவா?"

"தெரியலைங்க அங்கிள்."

"அவர்கிட்ட கேட்டுச் சொல்லு. ஏப்ரல் வரைக்கும் டைம் இருக்கு."

கிளம்பும்போது ஆன்ட்டி வாசல்வரை வந்தார். செழியன் வந்தா கூட்டிட்டு வா என்று எப்போதும் சொல்பவர், "பாத்துப் போம்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை டேப்லெட் அடித்தபோது தென்றல் எழுந்து போகவில்லை. "அப்பா, அம்மா இஸ் ஹியர்" என்று வெண்பா திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டு விளையாட ஓடினாள். செழியன் இளைத்திருந்தான்.

"மாத்தச் சொல்லிட்டேன்."

"ஆன்ட்டி இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"ச்சே. நான்தான் வேண்டாம்னு சொன்னேனே."

"அன்னிக்கு, நம்ம பொண்ணு முன்னாடி, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. எனக்கு அப்பவே தெரியும். மன்னிப்புக் கேக்கத்தான் வாய் வரலை."

எதைச் சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கிளின் கேள்வியைச் சொன்னாள்.

"இந்த வருஷம் சேர்ந்தே போட்டுடலாம்" என்றான். "அடுத்த வருஷத்தை அப்புறம் பாப்போம்."

"சரிங்க."

அந்த வாரமே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வெண்பாவின் டான்ஸ் கிளாஸ் வாசலில் ஒரு பெண்மணி, "இந்த வாரம் செழியன் வர்றாரா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"இல்லைங்க. அவர் வர்றதில்லை. நாங்க தனித்தனியாத்தான் இருக்கோம்."

அதற்கு மேல் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கிளாஸ் முடிய இன்னும் நேரமிருந்தது. காருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று நினைத்தாள். போகாமல், அந்தப் பெண்மணி பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றாள்.