மாப்பிள்ளைக்குத் தராத நாற்காலி

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நாற்காலியில் வேலை பார்க்கிறோம். நான் எழுந்தால் அவர் உட்காருவார். அவர் எழுந்தால் நான். இறங்க வரும் விமானங்களை ஒன்றோடொன்று நெருங்கவிடாமல் வரிசையாக்கி ஓடுபாதைக்கு அனுப்பும் ராடார் நாற்காலி அது. வீட்டிலும் இதே கதைதான். ஒருவர் வேலைக்குப் போனால் இன்னொருவர் மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். என்ன குடும்பமோ போங்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதைவிட ஆள் மாற்றிக்கொண்டதுதான் அதிகம்.

இந்த அறைக்கு முதலில் வந்தவள் நான். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு அவர் மாற்றல் வாங்கி வந்தார். அதனால் அறை மொத்தத்துக்கும் அவர் மாப்பிள்ளை. அந்தக் கணக்கில் எங்கள் சூப்பர்வைசர் மாமனார் ஆகிவிட்டார். மனிதருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பாவம், அந்தப் பட்டத்தைச் சுமந்தே நரைத்துப்போனார்.

அன்று மதியம் திரையில் நிற்க இடமில்லாத கூட்டம். ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடத்துக்கு ஆள் போடாமலே மேலிடம் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் எரிந்தது, முதுகு விட்டுப்போயிருந்தது. எப்போதடா மாற்றிவிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரர் வந்து பின்னால் நின்றார். தன் ஹெட்செட்டை என் பக்கத்தில் செருகினார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

மகளுக்கு இரவெல்லாம் காய்ச்சல், இழுப்பு. நான் ராத்திரி வேலைக்கு வந்துவிட்டேன்; காலையில் ஆள் இல்லாததால் ஓய்வறையில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு மறுபடி உட்கார்ந்திருந்தேன். தூக்கி வைத்துக்கொண்டு நடந்தவர் அவர்தான். பகலில் என் நாத்தனார் வந்த பிறகு கொஞ்சம் படுத்திருப்பார் என்று நினைத்தேன். படுக்கவே இல்லை என்பதைச் சட்டைப் பித்தான் சொன்னது. ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார்.

“தூங்கினீங்களா?” என்று கேட்க முடியாது. அங்கே பேசுவதெல்லாம் பதிவாகும். ஒருமுறை “பால் வாங்கி வெச்சுட்டேன்” என்று அவர் சொன்னதற்கு விளக்கம் கேட்டு மெமோவே வந்தது.

ஆள் மாறும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இருப்பவர் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால்தான் “உங்களுது” என்று சொல்லி எழுவோம். அந்த ஒரு வார்த்தை வரும்வரை நாற்காலி கைமாறாது.

“காத்து மேற்கு. முன்னாடி பெருசு, அதுக்குப் பின்னாடி சின்னது. சின்னதை மெதுவா வரச் சொல்லியிருக்கேன்” என்றேன்.

“காத்து மேற்கு. முன்னாடி சின்னது, பின்னாடி பெருசு” என்றார் அவர்.

பெரிய விமானம் போன வழியில் காற்று சுழன்றுகொண்டே கிடக்கும். பின்னால் வரும் சின்னது அதில் சிக்கினால் குப்புறக் கவிழ்ந்துவிடும். அதனால் அதற்கு இரண்டு மடங்கு இடைவெளி விடுவோம். சின்னது முன்னால் போனால் வழக்கமான தூரமே போதும். இவர் வரிசையைத் தலைகீழாக மனதில் வாங்கியிருக்கிறார். இந்தப் படத்தோடு உட்கார்ந்தால் இரண்டையும் நெருக்கிவிடுவார்.

“இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க.”

திரையை உற்றுப் பார்த்தார். எது பெருசு, எது சின்னது என்று புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. “முன்னாடி சின்னது, பின்னாடி பெருசு” என்றார் மறுபடியும், எரிச்சலோடு.

இவர் சரியில்லை என்று நான் சொன்னால் விசாரணை வரும். இந்த வருடம் அவர்மேல் ஏற்கெனவே ஒன்று ஆகிவிட்டது. இரண்டாவது என்றால் லைசென்சைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். களைப்பாக இருக்கிறது என்று அவரே சொன்னால் ஒரு கேள்வியும் கிடையாது. அப்படி ஒரு விதி இருக்கிறது. ஆனால் யாரும் சொல்வதில்லை, நம் பாரம் பக்கத்தில் இருப்பவர் தலையில் விழுமே என்று. நானும் சொன்னதில்லை.

சின்ன விமானத்தை இன்னும் வேகம் குறைக்கச் சொல்லிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். “எழுந்திரு” என்று கண்ணைக் காட்டினார். நான் எழவில்லை.

“இன்னொரு தடவை” என்றேன்.

அறையில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். மாமனார் தன் மேஜையை விட்டு எழுந்து வர ஆரம்பித்தார். சொல்லுங்களேன், நீங்களே சொல்லித் தொலையுங்களேன் என்று மனதுக்குள் கத்தினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

“இன்னிக்கு என்னால முடியாது சார்” என்றார் ஹெட்செட்டைக் கழற்றியபடி.

மாமனார் அவர் தோளைத் தட்டி, “போய்ப் படுங்க மாப்பிள்ளை” என்றார். அவ்வளவுதான்.

கூட்டம் தணிந்த பிறகு, பக்கத்து நாற்காலிக்காரர் என் விமானங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள, எனக்கு இடைவேளை கிடைத்தது. ஓய்வறைச் சோபாவில் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“கோவமா?”

“கோவம்தான். எல்லார் முன்னாடியும் ஸ்கூல் பையன் மாதிரி ஒப்பிக்க வெச்ச.”

“உங்க நல்லதுக்குத்தாங்க.”

“தெரியுது. தெரிஞ்சா கோவம் வரக்கூடாதா?” சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இங்க முடியாதுன்னு சொன்னதும் ஒருத்தர் வந்து தோளைத் தட்டறாரு. ராத்திரி பாப்பாவைத் தூக்கிட்டு நடந்தப்பவும் முடியலதான். அங்க யார்கிட்ட சொல்றது?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீ இங்கதான இருந்த.”

அவர் இங்கே இருந்த இரவுகளில் நானும் அப்படித்தான் நடந்திருக்கிறேன், யாரிடமும் சொல்லாமல்.

மாமனார் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “மாப்பிள்ளை ஷிப்டுக்கு ஆள் கிடைக்கலம்மா. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார முடியுமா?”

முடியும் என்று சொல்லித்தான் என் வாய்க்குப் பழக்கம்.

“முடியாது சார்” என்றேன்.

மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, நானே உட்கார்றேன். வர்ற விமானத்துல பாதியைக் கிளம்பற ஊர்லயே நிறுத்தி வைக்கச் சொல்றேன். மேல இருக்கறவங்க கத்தறதுன்னா கத்தட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் நகர்ந்து இடம் விட்டார். ஒட்டி உட்கார்ந்தேன். பட்டப்பகலில் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் வேலை இல்லாமல் இருப்பது எப்போது கடைசியாக நடந்தது என்று நினைவில்லை. அவரிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது.

“ஏங்க” என்றேன்.

தூங்கிப்போயிருந்தார்.